எட்டிப்பாத்தான்

அந்த அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பயந்துகொண்டு அல்ல. அச்சில் தன் பெயரைப் பார்ப்பதென்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. அந்தச் சந்தோஷத்தை என் கையால் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். ‘அவள்’ என்றே எழுதிவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன். அதுவும் முடியவில்லை. இத்தனை நடந்த பிறகும் வாயைத் திறந்தால் மரியாதையாக அக்கா என்றுதான் வருகிறது.

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று வீடுகள் ஒட்டினாற்போல் ஒரு லைன். முதல் வீட்டில் தையல்கடை பாய் குடும்பம். நடுவில் நாங்கள். கடைசி வீட்டில் அக்கா. அதன் முன்னறையில் வளையல், ரிப்பன், நைட்டி விற்கிற ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருந்தார். கூடவே ஒரு பெண்கள் மாத இதழுக்குச் சந்தா பிடித்துக் கொடுப்பார். நாற்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் பெங்களூரில் பேக்கரியில் இருக்கிறார் என்று சொல்லிக்கொள்வார். பெங்களூரில் இருந்தது உண்மை. அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் இருந்ததும் உண்மை. லைனில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

அக்காவுக்குக் காது கொடுத்துக் கேட்கத் தெரியும். நீங்கள் பேச ஆரம்பித்தால் போதும், கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவார். முகவாய்க்கட்டையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு உங்கள் வாயையே பார்ப்பார். “ம்... ம்... அப்புறம்?” என்பார். நீங்கள் முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, “நல்லா சொன்னே கண்ணு” என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகவே இல்லாததும் பொல்லாததும் சொல்லத் தோன்றும். ஹேர்பின் வாங்க வந்த பெண்கள் மாமியார் சண்டை முழுவதையும் கொட்டிவிட்டு, ஹேர்பின்னை மறந்துவிட்டுப் போவார்கள்.

நான் அதியமான்கோட்டைக்காரி. லாரிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பேசத் தெரியும், ஒருவருக்கும் கேட்கத் தெரியாது. கல்யாணமாகி வந்த இடத்தில் பேசவே ஆளில்லை. என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றினால் மதுரை, திருநெல்வேலி என்று போய்விட்டுத்தான் திரும்புவார். திரும்பினாலும் பேச்சு அளந்துதான் வரும். குழம்பு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்பார், அதுதான் பாராட்டு. அந்த ஊரில் எனக்கிருந்த ஒரே காது அக்காவின் காது. எனக்கு அவரை அத்தனை பிடித்திருந்தது, அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

முதலில் ஒரு குழம்புதான் போனது. நிலக்கடலையை வறுத்து எள்ளோடு அரைத்துக் கத்தரிக்காய்க் குழம்பில் விடுவது எங்கள் அம்மாவின் பக்குவம். அக்காவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்து, எப்படி என்றும் சொன்னேன். அடுத்த வாரம் ஸ்டோருக்கு வந்த ஒரு டீச்சரிடம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். “கல்லக்காய வறுத்து எள்ளோட அரச்சு ஊத்துவாங்க டீச்சர், எங்கம்மா. ஊரே மணக்கும். என்ன பண்றது, அந்தக் கை அவங்களோட போச்சு.” டீச்சர் உச்சுக் கொட்டினார். அந்தக் கைக்குச் சொந்தக்காரியான என் அம்மா அதே நேரத்தில் ஹைவே ஓரத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். குழம்பும் போய் அம்மாவும் போனார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அடுத்தது தீர்த்தமலைக் கதை. ஊரிலிருந்து வந்த மாமியாரோடு கோயிலுக்குப் போயிருந்தேன். மலையிலிருந்து இறங்கும்போது நான் படியில் வழுக்கி, கீழே உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்த என் மாமியார்மேல் போய் விழுந்தேன். குரங்கு பாய்ந்துவிட்டது என்று நினைத்த மாமியார் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையிலிருந்த தேங்காய்ப் பையால் என்னை மொத்து மொத்தென்று மொத்திவிட்டார். இதை அக்காவிடம் சொல்லி இருவரும் சிரித்தோம். சில நாள் கழித்து ரேஷன் கடை வரிசையில் நிற்கிறேன், முன்னால் அக்கா அதே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். விழுந்தது அக்கா. அடித்தது அக்காவின் மாமியார். என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “வா கண்ணு, நீயும் கேளு, சிரிச்சே செத்துருவே” என்று என்னையும் இழுத்து நிறுத்திக்கொண்டார். நானும் கேட்டேன், நானும் சிரித்தேன். என்னைவிட நன்றாகச் சொன்னார் என்பதுதான் கொடுமை. மாமியார் ‘ராமா ராமா’ என்று கத்திக்கொண்டே அடித்ததாக ஒரு சேர்க்கை போட்டிருந்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நானே அந்தக் கதையைச் சொன்னாலும் ‘ராமா ராமா’ வந்துவிடுகிறது.

என்னை எச்சரித்தவர் பாய் வீட்டம்மாதான். அவருடைய மகன் சவுதிக்குப் போனபோது விமான நிலையத்தில் திரும்பிப் பார்க்காமலே உள்ளே நடந்துபோனானாம், பார்த்தால் அழுதுவிடுவோம் என்று. அதை அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறார். பிறகொரு நாள் அரூர் பஸ்ஸில் முன் சீட்டில் அக்கா யாரோ ஒரு பெண்ணிடம் தன் தம்பி மகன் திரும்பிப் பார்க்காமலே போனதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அக்காவுக்குத் தம்பியே கிடையாது.

“உங்க வூட்டு விசயத்த அதுங்கிட்ட சொல்லாதம்மா. அது காதுல போனா திரும்பி வராது.”

“விடுங்கம்மா. தனியா இருக்கறவங்க. பேசறதுக்கு எதாச்சும் வேணுமில்ல?”

“பேசட்டும், வாணாங்கல. ஆனா அழுவ என்னோடதும்மா. அதயும் எடுத்துக்கினா நான் எத வெச்சு அழுவறது?”

அந்தம்மா கொஞ்சம் பெரிதுபடுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மாத இதழில் போட்டி அறிவித்தார்கள். புதுச் சந்தாதாரர்களைச் சேர்க்க அவர்கள் கண்டுபிடித்த வழி அது. நாம் அன்றாடம் புழங்குகிற ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் புதுச்சொல் ஆக்கி அனுப்ப வேண்டும். மிஸ்டு கால், சார்ஜர், செல்ஃபி, ஹெட்போன் என்று ஒரு வரிசை கொடுத்திருந்தார்கள். கலந்துகொள்கிறவர் சில புதுச் சந்தாக்களையும் சேர்த்து அனுப்பினால்தான் போட்டியிலேயே எடுத்துக்கொள்வார்கள். முதல் பரிசு டேபிள் டாப் கிரைண்டர். அக்கா பம்பரமாகச் சுற்றினார். டீச்சர், நர்ஸம்மா, பால் சொசைட்டி கிளார்க் என்று ஒருவரையும் விடவில்லை. நானும் சேர்ந்தேன். பாய் வீட்டம்மா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு மத்தியானம் ஸ்டோரில் கூட்டமில்லை. நானும் அக்காவும் பத்திரிகையை நடுவில் விரித்துக்கொண்டு சொல் ஆக்க உட்கார்ந்தோம்.

“சார்ஜருக்கு உயிரூட்டின்னு போடலாமாக்கா?”

“கொழந்தைக்குப் பால் ஊட்டற மாதிரி இருக்குது கண்ணு. செல்ஃபிக்கு என்னா சொல்றே?”

“தன்மூஞ்சி.”

அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணாடி வளையல் அட்டை ஒன்று கீழே சரிந்தது. பொறுக்கி அடுக்கினோம். அடுத்தது மிஸ்டு கால். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்த மத்தியானம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அக்காவும் முகவாய்க்கட்டையைக் கையில் தாங்கிவிட்டார்.

“எங்களுக்குள்ள அதுக்கு ஒரு பேரு இருக்குதுங்க்கா” என்றேன்.

தக்காளி லோடு தெற்கே போக வேண்டுமென்றால் தொப்பூர் கணவாய் இறங்கியாக வேண்டும். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எனக்குப் பயம். கீழே இறங்கியதும் ஒரு ரிங் விட்டு வைத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தேன். அவரும் அப்படியே செய்வார். நான் எடுப்பதற்குள் நின்றுவிடும். எடுத்தால்தான் பேச வேண்டியிருக்குமே!

அதற்கு எங்களுக்குள் எட்டிப்பாத்தான் என்று பெயர். கல்யாணமான புதிதில், நான் சமையலறையில் இருக்கும்போது அவர் கதவோரம் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். யாரங்கே என்று நானே கேட்டு, ‘எட்டிப்பாத்தான் வந்துட்டுப் போறான்’ என்று நானே பதிலும் சொல்வேன். அவர் காதில் விழும்படிதான் சொல்வேன். எங்கள் பக்கத்தில் புருஷனை யாரும் அவன் இவன் என்று சொல்வதில்லை. நானும் வாங்க போங்கதான். அந்த ஒரு வார்த்தையில் மட்டும் ‘அவன்’ போட எனக்கு அனுமதி இருந்தது. பிறகு அந்த ரிங்குக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. கிளம்பும்போது அவரே, “எறங்குனதும் எட்டிப்பாத்தான் வரும்” என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறுவார். எங்கள் இருவருக்கும் நடுவில் கொஞ்சல் என்று ஒன்று இருந்ததென்றால் அது அவ்வளவுதான்.

“அப்புறம்?” என்றார் அக்கா.

“அப்புறம் என்ன, அவ்ளோதான். இத எழுதிப் போட்றாதீங்கக்கா.”

“ச்சீ, பைத்தியம். புருசம் பொண்டாட்டி வார்த்தையப் போயி எழுதுவாங்களா?” என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். “நல்லா சொன்னே கண்ணு.”

அதியமான்கோட்டையில் சொந்தக்காரர்கள் சிலரைச் சந்தா கட்ட வைத்து, போட்டிக்கு நான் அனுப்பியது ‘விடுபட்ட அழைப்பு’. எல்லோருக்கும் தோன்றுகிற சொல்தான், பரிசு வராது என்று தெரியும்.

முடிவு வந்த இதழை நான் வாசலில் நின்றபடியே பிரித்தேன். முதல் பரிசுப் பக்கத்தில் அக்காவின் படம். மிஸ்டு காலுக்கு அவர் ஆக்கிய அழகிய சொல் ‘எட்டிப்பார்ப்பு’ என்று போட்டிருந்தது. மண் மணக்கும் சொல் என்று நடுவர் புகழ்ந்திருந்தார். பத்திரிகைக்காரர்கள் ‘பாத்தானை’ வெட்டி எறிந்துவிட்டுப் ‘பார்ப்பு’ என்று கௌரவமாக ஆக்கியிருந்தார்கள். அந்த ‘ஆன்’ போன பிறகு அதில் என்ன இருக்கிறது? பக்கத்திலேயே, இந்தச் சொல் பிறந்த கதை என்று அக்கா எழுதிய ஒரு பத்தி. “என் கணவர் லாரி ஓட்டுகிறார். தொப்பூர் கணவாய் இறங்கியதும்...” என்று ஆரம்பித்து, சமையலறைக் கதவு, யாரங்கே, வெளியில் வாங்க போங்க, இதில் மட்டும் ‘அவன்’, எல்லாம் இருந்தது. கீழே பொடி எழுத்தில், இவர் அறிமுகப்படுத்திய புதுச் சந்தாதாரர்கள் என்று சில பெயர்கள். அதில் என் பெயரும் இருந்தது. காசு கட்டி உள்ளே போய் என்னை நானே பறிகொடுத்திருக்கிறேன்.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் மறுப்பார், ஏதாவது சமாதானம் சொல்வார், சண்டை போடலாம் என்றுதான் போனேன். அக்கா மறுக்கவே இல்லை.

“நல்லா இருந்துச்சு கண்ணு, அதான் எழுதுனேன். உனக்கு வர்றதுக்கு ஆளு இருக்காரு. எனக்கு அந்த ஒரு ரிங்கு விடக்கூட ஆளில்ல. ஒரு பக்கம் எழுதிப் பாத்தேன், எனக்கே நடந்த மாதிரி இருந்துச்சு.”

பாவம் என்று நினைத்துத் திரும்பியிருந்தால் நான் நல்லவளாக இருந்திருப்பேன். ஆனால் பாவப்பட்டவர் எடுத்துக்கொண்டால் அது எடுத்ததில்லை என்று ஆகிவிடுமா? அன்றைக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நின்ற இடத்திலேயே கத்தினேன்.

“வூட்டுச் சாமானத் தூக்கியிருந்தா திருட்டுன்னு நாலு பேர்கிட்ட நாயம் கேட்டிருப்பேன்க்கா. இது வார்த்த. யார்கிட்டப் போயி கேக்கறது? நெஞ்சுக்குள்ள வெச்சிருந்தத நம்பித் தொறந்து காட்டுனேன். நீங்க பொட்டியோட தூக்கிட்டீங்க. இனி அந்த வார்த்தைய நானே சொன்னாலும் அடுத்தவங்க எச்சி மாதிரிதான இருக்கும்?”

அக்கா வளையல் பெட்டியைக் கீழே வைத்திருந்தார். முகவாய்க்கட்டை உள்ளங்கையில் இருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூக்கைச் சிந்தி நிமிர்ந்தபோது, “அப்புறம்?” என்றார்.

“அப்புறமா? பத்திரிகைக்கு எழுதுங்க. நடந்தத நடந்தபடி எழுதுங்க.”

“எழுதறேன் கண்ணு. கண்டிப்பா எழுதறேன்” என்றார். முகத்தில் ஒரு துளி கோபமில்லை.

நான் சொல்வதற்கு முன்பே செய்தி என் வீட்டுக்காரருக்குப் போய்விட்டது. லாரி ஸ்டாண்டு டீக்கடையில் யாரோ அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். அக்காவின் புருஷன் லாரி ஓட்டவில்லை என்பதும், அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீடு யாருடையது என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். தொப்பூர் இறங்கியதும் போனை எடுத்து ஒரு ரிங் விடுவது யார் என்று அவருடைய கிளீனருக்குத் தெரியும். “என்னாண்ணா, வூட்டுல அவன் இவன்தானா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

“நம்ம வூட்டுக்குள்ள இருந்தத ஏன் வெளிய சொன்ன?” என்றார்.

“நம்பிச் சொன்னேங்க.”

“நானுந்தான் நம்பிச் சொன்னேன்.”

மறுநாள் மத்தியானம் வண்டி எடுத்தார். வண்டி தொப்பூர் இறங்கியிருக்க வேண்டிய நேரம் தாண்டியும் போன் அடிக்கவில்லை. பொறுத்துப் பார்த்து நானே அடித்தேன். “எறங்கி ரொம்ப நேரமாச்சே” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் கேட்காவிட்டால் ரிங் கிடையாது. இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வருகிறது. அந்தக் கட்டைவிரலுக்கு எங்களிடம் பெயர் இல்லை.

கிரைண்டர் வந்து சேர்ந்தது. வீடுகள் ஒட்டினாற்போல் என்றேனே, இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். கிரைண்டர் காலையில் ஓடினால் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அதிரும். முதல் நாள் மாவை அக்கா ஒரு தூக்கில் போட்டு என் வாசலில் வைத்துவிட்டு, “மொத மாவு உனக்குத்தான் கண்ணு” என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார். அதில் கேலி இல்லை, நிஜமான பிரியம்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தூக்கை நான் தொடவே இல்லை. வெயிலில் மாவு பொங்கி வழிந்தது. பாய் வீட்டம்மாதான் அதை எடுத்துக் கழுவி, அக்கா வாசலில் கவிழ்த்துவிட்டு வந்தார்.

அக்கா சொன்னபடி பத்திரிகைக்கு எழுதத்தான் எழுதினார். இரண்டு இதழ் கழித்து வந்தது. ‘நம்பித் திறந்தேன்’ என்று தலைப்பு. உண்மையை ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு படித்தேன். “வீட்டுச் சாமானைத் தூக்கியிருந்தால் திருட்டு என்று நாலு பேரிடம் நியாயம் கேட்டிருப்பேன். இது வார்த்தை. யாரிடம் போய்க் கேட்பது?” என்று ஆரம்பித்தது. நெஞ்சு, பெட்டி, எச்சில், ஒன்று விடவில்லை. அக்கா யாரோ ஒரு தோழியை நம்பி மனதிலிருந்ததைச் சொன்னாராம். அந்தத் தோழி அதைத் தன்னுடையதென்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாளாம். மூக்கைச் சிந்தியது உட்பட அக்கா எழுதியிருந்தார். அடுத்த இதழில் வாசகியர் கடிதங்கள். காறி உமிழ வேண்டும் அந்தத் துரோகியின் முகத்தில் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். உங்கள் கண்ணீரைத் துடைக்க நாங்கள் இருக்கிறோம் அக்கா என்று இன்னொருத்தி. அதைப் படித்துவிட்டு நான் அழவில்லை. அழுதால் யாருடைய அழுகையை அழுகிறேன் என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

அந்த வருஷமே வீட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டோம். அதன்பிறகு அக்காவை நான் பார்க்கவில்லை. ஸ்டோரை மூடிவிட்டு ஓசூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. ‘நம்பித் திறந்தேன்’ வந்த இதழை நான் என் வீட்டுக்காரருக்குக் காட்டவில்லை. அதைப் பற்றிப் பேச்செடுக்கவே எங்கள் இருவருக்கும் பிடிக்காது.

இதையெல்லாம் எழுதிவிட்டால் என் வீட்டுக்காரருக்காவது புரியும் என்றுதான் இப்போது எழுதினேன். அந்த வார்த்தை எனக்கு எப்படிப்பட்டது, அதைப் பறிகொடுத்து எப்படிக் கத்தினேன் என்று அவர் ஒரு தடவையாவது படிக்கட்டும் என்று இதுவரை எழுதியதை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். நான் அக்கா வீட்டில் நின்று கத்துகிற இடத்துக்கு வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“மத்ததெல்லாம் சரி” என்றார். “இந்த எடம் அந்தக்கா எழுதுனதாச்சே. அப்பவே சலூன்ல படிச்சிருக்கேன். இத எதுக்கு நீ எடுத்துப் போட்ட?”